முதுமையில் கடல் கடந்து: மூத்த ஊழியர்களின் நன்றிக் கணக்கு

பணியிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றி, பேரக் குழந்தைகளோடு காலம் கழிக்கும் வயதை எட்டிய தம்பதியர், சொந்தச் செலவில் அயல்நாடு சென்று ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ சமயப் பணியும் சேவைப் பணியும் செய்து திரும்புவதை ஓர் ஒழுங்கான அமைப்பாகவே வளர்த்தெடுத்த திருச்சபை ஒன்று உண்டு. 1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பட்டு, இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையே அது. விவிலியத்தோடு ‘மார்மன் புஸ்தகம்’ என்னும் நூலையும் மறைநூலாகக் கொள்வதால் இச்சபையினரைப் பொதுமக்கள் மார்மன்கள் என்றே அழைத்துவந்தனர். இச்சபையின் இறையியலை ஏனைய கிறிஸ்தவ சபைகள் பல ஏற்பதில்லை. அது வேறொரு வழக்கு, இங்கே தீர்க்கத் தேவையில்லாதது. இங்கே ஆராயத்தக்கது, வயது முதிர்ந்த ஒருவர் தமக்குப் பழகிய வீட்டையும் ஊரையும் விட்டு அந்நிய மண்ணில் குடியேறும்போது, அன்றாட வாழ்வின் சிறு சிறு நன்மைகளைப் பற்றிய அவரது உணர்வுக்கு என்ன நேர்கிறது என்பதாகும்.

இச்சபையின் ஊழியர் என்றதும் உலகின் கண்முன் வருவோர், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் பெயர்ப்பட்டையும் அணிந்து, இருவர் இருவராகத் தெருத்தெருவாய்ச் செல்லும் இளைஞர்களே. மூத்த ஊழியர்களின் பணி இதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. வீட்டில் தம்மை நம்பி வாழும் பிள்ளைகள் இல்லாத தம்பதியரும், தனித்து வாழும் மூத்த பெண்களும் இதற்கு அழைக்கப்படுகின்றனர். வீடு வீடாகச் சென்று போதிக்கும் கடமை இவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஊழிய அலுவலகத்தில் விசா, வாகனம், கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பது, இளம் ஊழியர்களின் குடியிருப்புகளைச் சோதித்து அவர்களுக்கு மருந்தும் ஆறுதலும் தருவது, குடிநீர்த் திட்டங்களையும் சக்கர நாற்காலி வழங்கலையும் மேற்பார்வையிடுவது, ஆவணக் காப்பகங்களில் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து வம்சாவளி ஆய்வுக்கு உதவுவது, பள்ளிகளில் கற்பிப்பது எனப் பலவகைப் பணிகள் இவர்களுக்கு உண்டு. 2011 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தம்பதியர் 6, 12, 18 அல்லது 23 மாதக் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும், வீட்டு வாடகைக்காக அவர்கள் மாதந்தோறும் தரவேண்டியது 1,400 டாலரைத் தாண்டாது என்றும் வரையறுக்கப்பட்டது. அந்த உச்சவரம்பைத் தாண்டும் வாடகையைச் சபை ஏற்கிறது. உணவும் பிற அன்றாடச் செலவுகளும் அவர்களுடைய பொறுப்பே.

இவ்வளவு பேர் தேவைப்பட்டும் வருவோர் போதவில்லை என்பது சபைத் தலைவர்கள் மாநாடுதோறும் சொல்லிவரும் குறையாகும். பன்னிரு அப்போஸ்தலர் குழு எனப்படும் உயர்மட்டக் குழுவில் இடம்பெற்றிருந்த ராபர்ட் டி. ஹேல்ஸ், 2001 ஏப்ரலில் நடந்த பொது மாநாட்டில், மூத்தோரைத் தடுத்து நிறுத்தும் தடைகள் நான்கு என்று வகுத்தார்: அறியாததைப் பற்றிய அச்சம், குடும்பத்தைப் பிரிவது பற்றிய கவலை, தமக்கு ஏற்ற பணி அமையுமா என்ற ஐயம், பணம். வகுப்பு சரியானதே. எனினும், இந்த நான்கும் புறப்படுவதற்கு முன் மனத்தில் எழுபவை. போய்ச் சேர்ந்தபின் ஒருவரை உண்மையில் அலைக்கழிப்பவை இப்பட்டியலில் இடம்பெறும் அளவுக்குப் பெரியவையாகத் தோன்றுவதில்லை. குழாயில் வரும் நீரைக் குடிக்கலாமா, மின்சாரம் எத்தனை மணிக்குப் போகும், படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா, இரவில் நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பது என்பன போன்ற கேள்விகளுக்கு எந்த மேடையும் இடம் தருவதில்லை. நன்றியுணர்வு முதலில் முளைப்பதோ இந்தக் கேள்விகளின் நடுவில்தான்.

ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகளுக்குச் செல்வோர் கற்கும் ஒரு பழக்கம் இதற்கு நல்ல சான்று. டும்பு ஈ எனவும் மாம்பழ ஈ எனவும் வழங்கப்படும் ஒருவகை ஈ, கொடியில் காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் புழு, அத்துணியை உடுத்துபவரின் தோலுக்குள் புகுந்து கட்டியாக வளரும். இதைத் தடுக்க, உள்ளாடை, படுக்கை விரிப்பு உட்பட எல்லாத் துணிகளையும் சூடாக இஸ்திரி போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். சலவை இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் அடுத்தடுத்து நிற்கும் அமெரிக்க வீட்டில் நாற்பது ஆண்டுகள் துணி துவைத்த ஒரு பெண்மணிக்கு, உலர்ந்த துணியை எடுத்து அப்படியே மடித்து வைப்பது ஒரு வசதி என்பதே இங்கு வந்தபின்தான் தெரியவரும். இஸ்திரி போடுவதற்கோ மின்சாரம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2023-ஆம் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மின்வெட்டு நிலவியது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் சமையல், சலவை, கூட்டம் எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்க வேண்டியிருந்தது. காய்கறியைக் கழுவுவதற்கும் பல் துலக்குவதற்கும்கூட வடிகட்டிய அல்லது கொதிக்க வைத்த நீரைத் தேடவேண்டிய ஊர்கள் பல. கொசுவலைக்குள் உறங்குவதும் மலேரியா மாத்திரையை மறவாமல் விழுங்குவதும் இவற்றோடு சேரும்.

மனிதர் எந்த வசதிக்கும் விரைவில் பழகிவிடுவதையும், பழகியபின் அதனால் கிடைத்த மகிழ்ச்சி மங்கிப் பழைய நிலைக்கே மனம் திரும்புவதையும் உளவியலார் ‘இன்பத் தழுவல்’ என்பர். 1971-இல் பிரிக்மன், கேம்பெல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் இக்கருத்தை விரிவாக முன்வைத்தனர். ஓடும் பட்டையின் மீது எவ்வளவு வேகமாக ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்பவரைப் போல, வசதிகளைப் பெருக்கிக்கொண்டே போகும் மனிதரின் நிறைவும் ஓரிடத்திலேயே நிற்கிறது என்பது அவர்களது வாதம். ஊழியப் பயணம் இந்தப் பட்டையிலிருந்து ஒருவரைத் திடீரென இறக்கி விடுகிறது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்ற பழமொழி சொல்வதும் இதையே. ஆனால் பழமொழி பாதியோடு நிற்கிறது. வெயிலில் நின்று நிழலை நினைப்பவர், அந்த மரத்தை நட்டவரையும் நினைப்பார் என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. மூத்த ஊழியர்களின் நன்றியுணர்வை மதிப்பிடும்போது இந்த இரண்டாம் பாதியே முக்கியமானது.

நன்றி கூறுவதை இச்சபை தற்செயலான உணர்ச்சியாக விட்டுவைக்கவில்லை. அதை ஒரு பயிற்சியாகவே வகுத்துவைத்திருக்கிறது. ஜோசப் ஸ்மித் பெற்ற வெளிப்பாடுகளாக இச்சபையினர் நம்பும் பகுதிகளின் தொகுப்பான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்னும் மறைநூலில், 1831 ஆகஸ்டில் அளிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 59-ஆம் பிரிவு, எல்லாவற்றிலும் இறைவனின் கரத்தை ஒப்புக்கொள்ளாமையை இறைவனை வருத்தும் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது. சபைத் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி பி. ஐரிங், தம் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில், அன்றன்று தம் குடும்பத்தை இறைவனின் கரம் எங்கே தொட்டது என்று யோசித்து, எவ்வளவு களைப்பு இருந்தாலும் நாள் தவறாமல் சில வரிகள் எழுதிவந்ததை 2007 அக்டோபர் மாநாட்டில் விவரித்தார். இதய அறுவை மருத்துவராக இருந்து பின்னர் சபையின் தலைவரான ரசல் எம். நெல்சன், கொரோனா பெருந்தொற்று உச்சத்தில் இருந்த 2020 நவம்பரில் ஒரு காணொளியை வெளியிட்டு, ஏழு நாள்களுக்குச் சமூக ஊடகங்களை நன்றிக் குறிப்பேடாக மாற்றும்படி உலக மக்களை அழைத்தார். நாள்குறிப்பு எழுதும் மரபு இச்சபையில் ஆழமாக வேரூன்றியது. நான்காம் தலைவரான வில்ஃபர்ட் உட்ரஃப் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்குறிப்பு எழுதியவர். ஆகவே, அயல்நாடு செல்லும் மூத்த தம்பதியர் வாரந்தோறும் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் கடிதம் எழுதி, அதில் அந்த வாரம் பெற்ற ஆசீர்வாதங்களைக் குறிப்பதில் வியப்பில்லை.

அறிவியலும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரங்களுக்கு வாரம் ஒருமுறை தாம் நன்றி கூறத்தக்கவற்றை எழுதிய மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைக் காட்டிலும் தம் வாழ்வைப் பற்றி நிறைவாக உணர்ந்தனர். பின்னர் நடந்த தொகுப்பாய்வுகள், அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கே வைத்து எடைபோடும் ஆய்வுகள், இந்தப் பயன் இருந்தாலும் அது மிதமானதே என்று காட்டின. சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் கண்டது இன்னும் நுட்பமானது: வாரம் ஒருமுறை ஆசீர்வாதங்களை எண்ணியவர்களிடம் காணப்பட்ட உயர்வு, வாரம் மூன்றுமுறை எண்ணியவர்களிடம் காணப்படவில்லை. நன்றியும் பழகிப்போகும் போலும்.

எண்ணுவதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வசதி குறைந்த நாட்டுக்கு வசதி மிகுந்த நாட்டிலிருந்து செல்பவரின் நன்றிக் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் வாக்கியம், இங்குள்ள மக்களிடம் எதுவுமில்லை, ஆயினும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதாகும். நல்லெண்ணத்தில் எழுதப்படும் இவ்வாக்கியத்தை எவ்வளவு விரைவில் கைவிட முடியுமோ அவ்வளவு நல்லது. விருந்தினரின் முன் புன்னகைப்பது பண்பாடு. அதை வறுமையின் சான்றிதழாக வாசிப்பது அறியாமை. மேலும், பிறரிடம் இல்லாததைப் பார்த்துத் தம்மிடம் இருப்பதற்காக இறைவனைப் போற்றுவது, லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயனின் நன்றிக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. அவனும் நன்றிதான் சொன்னான். ஆயக்காரனைப் போல் தான் இல்லை என்பதற்காகச் சொன்னான். ஒப்பீட்டில் பிறக்கும் நன்றியை நிம்மதி என்று சொல்லலாம். நன்றி என்று சொல்வது கடினம்.

இவ்வேறுபாட்டை மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. நைஜீரியாவிலும் கானாவிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பலர் இச்சபையின் நூல்களைப் படித்து, தாமாகவே சபைகளை அமைத்துக்கொண்டு, போதகர்களை அனுப்புமாறு சால்ட் லேக் சிட்டிக்கு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், இச்சபையில் அப்போது மறுக்கப்பட்டிருந்தது. 1978 ஜூனில் அத்தடை நீக்கப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் ரெண்டல் மேபி, ரேச்சல் மேபி தம்பதியரும் எட்வின் கேனன், ஜானத் கேனன் தம்பதியரும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். முதலில் போனவர்கள் இளைஞர்கள் அல்லர், இந்த இரு மூத்த தம்பதியரே என்பது கவனிக்கத்தக்கது. நைஜீரியாவில் பல ஆண்டுகள் காத்திருந்த ஆன்டனி ஒபின்னாவும் அவரோடு வழிபட்டுவந்தவர்களும் 1978 நவம்பர் 21 அன்று ஞானஸ்நானம் பெற்றனர். பத்து நாள்களில், டிசம்பர் 1 தேதியிட்டு, கதவு திறக்கப்பட்டதற்கு நன்றி கூறி அவர்கள் சபைத் தலைமைக்குக் கடிதம் எழுதினர்.

அக்கடிதத்தை இன்று வாசிப்பவர் சற்றுக் கூச்சப்படாமல் இருக்க இயலாது. பூட்டிய கதவின் முன் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டவர்கள், கதவைப் பூட்டியவர்களுக்கே நன்றி சொல்கிறார்கள். அது அவர்களது பெருந்தன்மை. ஆனால் நன்றிக் கடன் எந்தப் பக்கம் கூடுதலாக நிற்கிறது என்று கணக்கிட்டால், சென்றவர்களின் பக்கமே என்பதில் ஐயமில்லை. அழைப்பாரின்றி, சம்பளமின்றி, கட்டடமின்றி ஒரு சபையைக் கட்டிக்காத்தவர்கள் அங்கே முன்பே இருந்ததால்தான் அந்நிய மண்ணில் இறங்கிய முதிய அமெரிக்கர்களுக்குச் செய்வதற்குப் பணியும், தங்குவதற்குத் துணையும் கிடைத்தன. கானாவில் இதே பாடம் மீண்டும் ஒருமுறை வந்தது. 1989 ஜூனில் அந்நாட்டு அரசு இச்சபையின் செயல்பாடுகளைத் தடைசெய்து அயல்நாட்டு ஊழியர்களை வெளியேற்றியது. 1990 நவம்பரில் தடை நீங்கும் வரை, உள்ளூர்ச் சபையினர் ஞாயிறுதோறும் தத்தம் வீடுகளிலேயே குடும்பமாகக் கூடி வழிபட்டனர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்துபோய் ஒரு கூடத்தில் அமர்ந்து வழிபடுவது எவ்வளவு பெரிய கொடை என்பதை அயல்நாட்டு ஊழியர் எவரும் கானாவினருக்குக் கற்பிக்கவில்லை. அக்ராவில் 2004 ஜனவரியில் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டபின் அங்கு பணியாற்றச் செல்லும் மூத்த தம்பதியர், அந்தப் பதினேழு மாதங்களைக் கடந்து வந்தவர்களோடு ஒரே வரிசையில் அமர்கிறார்கள்.

மங்கோலியாவிலும் முதலில் சென்றவர்கள் மூத்தோரே. சோவியத் ஆதரவு அற்றுப்போய், மாவும் ரொட்டியும் பங்கீட்டில் கிடைத்த 1992-இல், உயர்கல்வித் துறைக்கு உதவும் பொருட்டு அங்கு போனவர்கள் அவர்கள். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் உலான் பத்தோரில், அனல்மின் நிலையத்திலிருந்து குழாய்வழி வரும் வெந்நீர்தான் அடுக்குமாடி வீடுகளைச் சூடாக வைத்திருக்கிறது; அந்தக் குழாயைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளியின் கையில் வீட்டிலுள்ளோரின் உயிர் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. இச்சபைக்கு மிகுந்த உறுப்பினர்களும் பெரிய பள்ளிகளும் உள்ள டோங்காவில், கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிப்பது வழக்கம். 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்தபோது சாம்பல் அந்நீரில் விழுந்து கலந்தது. கடலடித் தொடர்பு வடமும் அறுந்து, அதைச் செப்பனிட ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. வானத்திலிருந்து வரும் நீரும் கடலுக்கடியிலிருந்து வரும் குரலும் ஒரே நாளில் நின்றுபோகக்கூடிய தீவில் வாழ்பவர், பேரக் குழந்தையின் முகத்தைத் தொலைபேசித் திரையில் பார்ப்பதைச் சாதாரணமாக எண்ணமாட்டார்.

பேரக் குழந்தை என்ற சொல் வந்ததால் ஒன்றைக் கூறவேண்டும். ஹேல்ஸ் வகுத்த நான்கு தடைகளுள் மற்ற மூன்றும் ஒருவழியாகத் தீர்ந்துவிடும். குடும்பத்தைப் பிரிந்த கவலை முழுவதும் தீர்வதில்லை. ஒன்றரை ஆண்டில் ஒரு குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிவிடுகிறது, ஒரு திருமணம் நடந்துவிடுகிறது, சில வேளை ஒரு மரணமும். இழந்த அந்த நாள்களுக்கு எந்த ஆசீர்வாதப் பட்டியலும் ஈடாகாது; ஈடாகும் என்று எழுதுவோர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். இதற்கு மாறாக, கணவனும் மனைவியும் முதன்முறையாக நாள் முழுவதும் ஒரே வேலையை ஒன்றாகச் செய்கின்றனர் என்பது இவ்வாழ்வின் எதிர்பாராத வரவு. தத்தம் அலுவல்களில் தனித்தனியே உழைத்துத் தளர்ந்த இருவருக்கு இது சிறிதன்று, சோதனையும் குறைவன்று.

இச்சபையின் தொடக்ககால ஊழியர்கள் வேறொரு முறையைப் பின்பற்றினர். பணப்பையோ சாமான் பையோ இல்லாமல் புறப்பட்டு, போகும் ஊரில் கிடைக்கும் உணவையும் உறைவிடத்தையும் நம்பி வாழ்வதே அம்முறை. 1853-இல் சென்னைக்கு வந்த ரிச்சர்ட் பாலன்டைன் அத்தகையவர். அன்றைய மதராஸில் அவர் பட்ட கஷ்டங்களுக்கு ஏற்ற பலன் கிட்டியதாகச் சொல்வதற்கில்லை, எனினும் அடுத்த வேளைச் சோறு யாரிடமிருந்து வருகிறது என்பதில் அவருக்கு ஒருபோதும் ஐயம் இருந்திராது. ஓய்வூதியத்திலும் சேமிப்பிலும் வாழும் இன்றைய மூத்த ஊழியருக்கு அந்தத் தெளிவு எளிதில் வாய்ப்பதில்லை. தாம் கொடுக்க வந்தவர், எல்லாவற்றுக்கும் தாமே பணம் செலுத்துபவர் என்ற எண்ணம், பெற்றுக்கொண்டிருப்பதை மறைத்துவிடுகிறது. கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்று கடமைகளைக் கொண்ட சுழற்சி என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் விளக்கினார். இம்மூன்றனுள் வளமான நாட்டினருக்குக் கடினமானது நடுவிலுள்ளது. சந்தையில் பையைத் தூக்கிவரும் பக்கத்து வீட்டு இளைஞனிடம், காய்ச்சல் வந்த இரவில் கஞ்சி கொண்டுவரும் பெண்ணிடம், வழிதவறிய வாகனத்துக்கு முன்னே நடந்து வழிகாட்டும் பெரியவரிடம் பெற்றுக்கொள்ளத் தெரியாத ஊழியர், எத்தனை கிணறுகள் தோண்டித் தந்தாலும் அந்த ஊரில் அந்நியராகவே இருப்பார்.

ஊழியம் முடிந்து வீடு திரும்பியவரை இன்பத் தழுவல் மீண்டும் பற்றிக்கொள்ளும். சில வாரங்களில் குழாய் நீர் வெறும் குழாய் நீராகிவிடும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை, மனத்தின் இயல்பே அது. பொருள்களின் மீது எழுந்த நன்றி பொருள்கள் பழகியதும் மங்குகிறது. மனிதர் மீது எழுந்த நன்றிக்கோ ஒரு பெயரும் முகவரியும் இருப்பதால், அது பல ஆண்டுகள் கழித்தும் கடிதமாகவோ, ஒரு மாணவனின் படிப்புச் செலவாகவோ, மறுமுறை ஊழியத்துக்கு விண்ணப்பிப்பதாகவோ தொடர்கிறது. ஆதலால், அயல்நாட்டிலிருந்து வாரக் கடிதம் எழுதும் மூத்தோரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். நீர் வடிகட்டி கிடைத்ததற்கு நன்றி என்று ஒரு வரி எழுதினால், அதை வந்து பொருத்தித் தந்தவரின் பெயரையும், அன்று அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்பதையும் அடுத்த வரியில் எழுதுங்கள்.